பதினொரு சென்டிமீட்டர்

ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு வேண்டாமுங்க. சத்தியமங்கலம் பஸ் ஸ்டேண்டுல ஏறி சீட்டுக் கெடைக்கறதே பெரிய காரியம், இதுல ஜன்னல் வேறயா. வரும்போது ரெண்டு கிலோ சாத்துக்குடியத் தூக்கிட்டு நின்னுட்டே வந்தனுங்க. இப்பக் கை சும்மாதான் இருக்குது, குடுத்துட்டு வந்தாச்சு.

கோயமுத்தூர்ல ஆஸ்பத்திரில வேலைங்க எனக்கு. எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க. டாக்டர் இல்லீங்க. கேத் லேப் டெக்னீசியன். நெஞ்சு வலின்னு போனா தொடை வழியா ஒயராட்டம் ஒரு கொழாய உட்டு ஆஞ்சியோ பண்ணுவாங்கல்ல, அந்த ரூம்பு. பண்றது டாக்டரு. அவருக்கு எதுக்கால ஒரு பெரிய கண்ணாடி இருக்கும், ஈயம் போட்ட கண்ணாடி, எக்ஸ்ரே தாண்டாது. அதுக்குப் பின்னாடி கம்ப்யூட்டர் முன்னால ஒருத்தன் உக்காந்திருப்பான். அது நானுங்க. பத்தொம்பது வருசமா.

அங்க உக்காந்து என்ன பண்ணுவன்னு கேக்கறீங்களா? கேக்கலீங்களா? பரவால்ல, சொல்றேன். மேல ஒரு கோடு ஓடும், கீழ ஒரு கோடு ஓடும். மேல இருக்கறது நெஞ்சுத் துடிப்பு, கீழ இருக்கறது பிரஷரு. டாக்டரு கண்ணு எக்ஸ்ரே படத்துல இருக்கும், அவரு எல்லாத்தையும் பாக்க முடியாது. கோடு கோணுச்சுன்னா நான் மைக்குல சொல்லோணும். "சார், பிரஷர் எறங்குது"ன்னு நான் சொன்ன அந்த நொடியே அவரு கொழாய வெளிய இழுத்துருவாரு. நான் ஒரு மூச்சு லேட்டாச் சொன்னா என்னாகும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டாம், பஸ்ஸுல பயந்துக்குவீங்க.

வேலை முடிஞ்சு கதவு தொறந்தா சொந்தக்காரங்க ஓடியாந்து டாக்டரு கையப் புடிச்சுக்கிட்டு அழுவாங்க. சிஸ்டருங்களுக்கு மைசூர்பா டப்பா. ஸ்ட்ரெச்சர் தள்றவனுக்குக் கூட ஒரு தேங்ஸ் உண்டு. நான் அந்நேரம் உள்ள உக்காந்து எந்த நிமிசம் என்ன ஆச்சுன்னு டைப் அடிச்சுட்டிருப்பேன். என்ற மூஞ்சி எப்படி இருக்கும்னு ஒரு பேசண்டுக்காச்சும் தெரியுமான்னா தெரியாது. தொப்பி, மாஸ்க்கு, மேல கண்ணாடி. குறையாச் சொல்லலீங்க. நெலவரத்தச் சொல்றேன்.

கல்யாணமா? ஆகலீங்க. பாத்தாங்க, ஏழு எடம் பாத்தாங்க. ரெண்டாவது எடத்துல பொண்ணோட மாமன் ஒருத்தரு, எக்ஸ்ரே ரூம்புல வேலை செய்யறவனுக்குக் கொழந்தை பொறக்காதுன்னு கெளப்பி உட்டுட்டாரு. அது அப்படியே எங்கூரு தாராபுரம் பூரா சுத்தி வந்துருச்சு. அதெல்லாம் பொய்யிங்க, அதுக்குத்தான் பத்துக் கிலோ ஈயத் துணி மாட்டிக்கறோம். சொன்னா யாரு கேக்கறா? டாக்டரும் அதே ரூம்புலதான் நிக்கறாரு, அவருக்கு மூணு புள்ளைங்க. இப்ப கோயமுத்தூர்லயே கணபதிப் பக்கம் ஒரு ரூம்பு எடுத்துத் தனியா இருக்கறனுங்க. சோறு மெஸ்ஸுல. ஞாயித்துக்கெழமை மெஸ் லீவு.

விசயத்துக்கு வர்றேன். போன வருசம் ஐப்பசில ஒரு அம்மா வந்தாங்க. மயிலாத்தான்னு பேரு. இங்க சத்தியமங்கலத்துக்குப் பக்கத்துல தோட்டம். அம்பத்தொரு வயசு. நெஞ்சுல பொறந்ததுல இருந்தே ஒரு ஓட்டை இருந்திருக்குது, இத்தனை வருசமா யாருக்கும் தெரியல. படியேறுனா மூச்சு வாங்குதுன்னு போயி ஸ்கேன் பண்ணப்பத்தான் கண்டுபுடிச்சாங்க. சின்னக் குடையாட்டம் ஒண்ணு இருக்குது, அத வச்சு அந்த ஓட்டைய அடைச்சரலாம். ஆனா உடனே அடைச்சரக் கூடாது. நுரையீரலுக்குப் போற கொழாய்ல பிரஷரு எவ்வளவுன்னு அளக்கோணும், நெஞ்சோட எடப்பக்க மேலறைல எவ்வளவுன்னும் அளக்கோணும். ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு அளவுக்குள்ள இருந்தா அடைக்கலாம். தாண்டிருச்சுன்னா அடைக்கக் கூடாது, அடைச்சா உசுருக்கே ஆபத்து. அந்த அளவச் சொல்றது யாரு? டாக்டரா? மெசினா? நானுங்க.

அளக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்குது. பேசண்டு படுத்திருக்கற டேபிளுக்குப் பக்கத்துல ஒரு கம்பி ஸ்டேண்டு. அதுல கட்டவெரல் தண்டி ஒரு டப்பா மாட்டியிருப்போம், அதுதான் பிரஷர உணர்ற சாமான். அது பேசண்டோட நெஞ்சு மட்டத்துக்குச் சரியா இருக்கோணும். உங்கூட்ல மேல தண்ணித் தொட்டி இருக்குதுங்களா? தொட்டிய இன்னும் உசரத்துல தூக்கி வச்சா கீழ கொழாய்ல தண்ணி வேகமா வருமல்ல? அதே கதைதான். டேபிளு மேல ஏறி டப்பா கீழயே நின்னுட்டா, இல்லாத பிரஷரு இருக்கறாப்பலக் காட்டும். அதனால நான் கேஸுக்கு முன்னாடி உள்ள போயி, மட்டம் பாத்து, ஸ்டேண்டுல ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி அடையாளம் வச்சு, ஜீரோ பண்ணிட்டு வந்துருவேன். டேபிளு ஏறுனா எறங்குனா திரும்பப் போயி மட்டம் பாக்கோணும். எங்க வேலைல மொத நாள் சொல்லிக் குடுக்கறதே இதுதானுங்க.

எங்க பெரிய டாக்டரு குட்டை. டேபிளு எப்பவும் தாழத்தான் இருக்கும், நகராது. அன்னைக்கு அவரு வெளியூரு. வந்தவரு அருள்மொழி டாக்டரு, ஆறடி ரெண்டு அங்குலம். நல்ல மனுசன்.

அந்தம்மாவ மயக்கமெல்லாம் குடுக்கலீங்க, இதுக்குக் குடுக்க மாட்டாங்க. முழிச்சுட்டேதான் படுத்திருந்தாங்க. பயம்னா பயம், அப்படியொரு பயம். துடிப்பு நிமிசத்துக்கு நூத்தி இருவத்தெட்டு. நடுநடுவுல தாறுமாறா ஒரு துடிப்பு வந்து விழுகுது. டாக்டரு கையைக் கட்டிட்டு நிக்கறாரு, "அடங்கட்டும், பாக்கலாம்"ங்கறாரு. ரெஜினா சிஸ்டரு "பயப்படாதீங்கம்மா, பயப்படாதீங்கம்மா"ன்னு சொல்லச் சொல்ல துடிப்பு ஏறுது. பயப்படாதீங்கன்னு சொன்னா யாருக்குங்க பயம் போவும்?

நான் பட்டன அமுக்குனனுங்க. வழக்கமா டாக்டருகிட்டப் பேசறதுக்குத்தான் அந்த மைக்கு. ஏன் அமுக்குனேன்னு எனக்கே தெரியல. "அம்மா, மூச்ச மெதுவா உடுங்க. பாலு பொங்கறப்ப ஊதுவீங்கல்ல, அந்த மாதிரி ஊதுங்க"ன்னு சொன்னனுங்க.

அந்தம்மா கண்ண மேல தூக்கி, கூரையோரம் ஸ்பீக்கரு இருக்கற மூலையப் பாத்தாங்க. "யாரு சாமி அது பேசறது?"

"நான் இங்க கண்ணாடிக்குப் பின்னால இருக்கறனுங்க. உங்க நெஞ்சு துடிக்கறத நான்தான் பாத்துட்டிருக்கேன்."

"பேரென்ன தம்பி?"

பத்தொம்பது வருசங்க. எத்தன ஆயிரம் பேரு அந்த டேபிளுல படுத்து எந்திரிச்சுப் போயிருப்பாங்க. ஒருத்தரு பேரு கேட்டதில்ல. "நாச்சிமுத்துங்க"ன்னு சொன்னேன். ஊரு கேட்டாங்க, தாராபுரம்னேன். "என்ற ஒரகத்தி தாராபுரத்துக்காரிதான். அப்ப நீ நமக்கு ஒரம்பரை, சொந்தமாயிட்ட போ"ன்னு சிரிச்சாங்க. தொடையில கொழாயோட படுத்துக்கிட்டு சிரிக்கறாங்க! டாக்டரும் சிரிச்சாரு. துடிப்பு நூத்திப் பத்து. நூறு. எண்பத்தி நாலு. அது என்ற கண்ணு முன்னாடி எறங்குச்சுங்க. மருந்தில்ல, ஊசியில்ல. நான் பேசுனதுல எறங்குச்சு.

டாக்டரு "குட், பேசிட்டே இருங்க"ன்னாரு. பேசச் சொன்னாருங்க, அத நீங்க கவனிக்கோணும். எடப்பக்க அறைல அளந்தோம். பன்னெண்டு. "என்ற நெஞ்சு இப்ப என்ன பண்ணுது தம்பி?"ன்னு கேட்டாங்க. "நல்லா ஓடுதுங்க, அலுங்காமக் குலுங்காம"ன்னேன். மகளுக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கறதாச் சொன்னாங்க. மகன் கோகுலு பனியன் கம்பெனிக்குப் போறதாச் சொன்னாங்க. என்ற கல்யாணத்தப் பத்திக் கேட்டாங்க. அதைக் கேட்டுட்டிருக்கறப்பத்தான் உள்ள மோட்டார் சத்தம் கேட்டுது. டாக்டரு முதுகு வலிக்குதுன்னு டேபிளத் தூக்குனாரு. எனக்குக் காதுல உழுகலைன்னு சொல்ல மாட்டேன். உழுந்துச்சுங்க. உழுந்து, அது பாட்டுக்குப் போயிருச்சு. நான் "ஏழு எடம் பாத்தாங்கம்மா"ன்னு சொல்லிட்டிருந்தேன்.

அப்பறம் நுரையீரல் பக்கம் அளந்தோம். நாப்பத்தஞ்சு. நான்தான் மைக்குல சொன்னேன், "நாப்பத்தஞ்சு சார்"னு. டாக்டரு உதட்டப் பிதுக்குனாரு. இப்ப அடைக்க முடியாது, ஆறு மாசம் மாத்திரை குடுப்போம், எறங்குதான்னு திரும்ப வந்து அளந்து பாக்கலாம்னாரு. அந்தம்மா போறப்ப ஸ்ட்ரெச்சர்ல இருந்து கண்ணாடியப் பாத்துக் கையை ஆட்டுனாங்க. கண்ணாடில அவங்களுக்கு வெளிச்சந்தான் தெரிஞ்சிருக்கும். நானும் ஆட்டுனேன்.

மத்தியானம் ரூம்பக் கழுவறதுக்கு முன்னால சாமானத்தக் கழட்டப் போனேன். ஸ்டேண்டுல என்ற பிளாஸ்திரி ஒரு எடத்துல இருக்குது, டேபிளு வேற எடத்துல இருக்குது. ஸ்கேலு எடுத்து வச்சுப் பாத்தனுங்க. பதினொரு சென்டிமீட்டர். பதினொரு சென்டிமீட்டர்னா பிரஷர்ல எட்டுப் பாயிண்டு. நாப்பத்தஞ்சுல எட்டுப் போனா முப்பத்தேழு. பன்னெண்டுக்கும் முப்பத்தேழுக்கும் வித்தியாசம் அளவுக்குள்ளதான், அன்னைக்கே, அந்த டேபிளுலயே, அடைச்சிருக்கலாமுங்க.

நேரா டாக்டரு ரூம்புக்குப் போனேன். ஓடினேன்னே சொல்லலாம். தயிர் சாதம் சாப்பிட்டுட்டிருந்தாரு. "என்ன நாச்சிமுத்து?"ன்னாரு. அந்தம்மா மேல வார்டுலதான் படுத்திருக்காங்க. சொன்னா மறுநாள் அரைமணி நேர வேலை. திட்டுவாரு, திட்டட்டும். எல்லாந் தெரியுமுங்க எனக்கு. வாயைத் தொறந்தா, "சார், வெள்ளிக்கெழமை லீவு வேணும்"னு வந்துது. "எடுத்துக்கோ"ன்னாரு. எனக்கு லீவெடுத்து என்ன இருக்குது? வெள்ளிக்கெழமை பூரா ரூம்புல படுத்துட்டு ஃபேனப் பாத்துட்டிருந்தேன்.

நான் அப்ப என்ன நெனைச்சேன்னா, ஆறு மாசத்துல எப்படியும் வரப்போறாங்க. வந்தாச் சரியா அளந்துக்கலாம். மாத்திரையும் நல்ல மாத்திரைதான, கெடுதல் ஒண்ணுமில்ல. ஒருத்தர இன்னொருக்கா வர வைக்கறது அப்படியொண்ணும் பாவமில்லைங்களே? நாளைக்கே அளந்து அடைச்சுட்டா, அவங்க நல்லாயி ஊட்டுக்குப் போயிருவாங்க, அப்பறம் எதுக்கு வரப்போறாங்க? ம்? இல்லீங்க, அதுக்காக நான் சொல்லாம உடல. நேரங்காலம் அப்படி அமைஞ்சு போச்சுன்னு சொல்றேன்.

தேதிய நான் காலண்டர்ல சுழிச்சு வச்சிருந்தேன். சித்திரை மாசம். நடுவுல மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல எப்பவாச்சும் கம்ப்யூட்டர்ல அவங்க கோட்டத் தொறந்து பாப்பேன். நூத்தி இருவத்தெட்டுல இருந்து எண்பத்தி நாலுக்கு எறங்குன அந்தத் துண்டு மட்டும். வேற எந்தத் துண்டையும் பாக்க மாட்டேன். அவங்க வர்ற அன்னைக்கு நீலக் கலர்ல ஒரு சட்டை புதுசா எடுத்துப் போட்டுட்டுப் போனேன். உள்ள போனா அதைக் கழட்டிட்டு ஆஸ்பத்திரிப் பச்சைத் துணிதான் மாட்டோணும். இருந்தாலும் போட்டுட்டுப் போனேன்.

வந்தாங்க. எளைச்சிருந்தாங்க. ஒதடு கொஞ்சம் கருத்திருந்துது. அன்னைக்கும் அருள்மொழி டாக்டருதான். நான் உள்ள போயி டேபிள அவரு உசரத்துக்கு மொதல்லயே ஏத்தி வைக்கச் சொல்லி, மட்டம் பாத்தேன். ஒருக்காயில்ல, மூணு வாட்டி. அவங்க இடுப்போரம்தான் நிக்கறேன், கையில பிளாஸ்திரி. அவங்க என்னைப் பாக்கல. கூரை மூலையப் பாத்துட்டு, "நாச்சிமுத்துத் தம்பி, இருக்கீங்களா?"ன்னு கேட்டாங்க.

ஒரு கை தூரங்க. "இங்க இருக்கேம்மா"ன்னு அப்பவே சொல்லியிருக்கலாம். ஆனா அவங்க அங்க பாத்துட்டிருக்கறப்ப நான் இங்கிருந்து பேசுனா நல்லாவா இருக்கும்? உள்ள போயி மைக்குல பேசலாம்னு போயி உக்காந்து பட்டன் மேல வெரல வச்சேன். அதுக்குள்ள கீழ் கோடு வந்துருச்சு. ரூம்புல யாரும் பாக்கறதுக்கு முன்னாடி நான் பாத்தேன். எடப்பக்கம் பன்னெண்டு. நுரையீரல் பக்கம் நாப்பத்தஞ்சு.

இந்தத் தடவை மட்டம் சரி. இந்த நாப்பத்தஞ்சு நெச நாப்பத்தஞ்சு. ஆறு மாசத்துல அந்தம்மாவுக்கு எட்டுப் பாயிண்டு ஏறியிருக்குது. நான் பொய்யாச் சொன்ன நம்பரு தேடி வந்து நெசமாயிருச்சுங்க.

"தம்பி... நாச்சிமுத்துத் தம்பி?" மூணு வாட்டி கூப்பிட்டாங்க. டாக்டரு கண்ணாடியப் பாத்தாரு, பேசுய்யான்னு ஜாடை காட்டறாரு. நான் கைய ஆட்டி, இல்லைன்னு சொல்லுங்கன்னு காட்டுனேன். ரெஜினா சிஸ்டருதான், "அவரு இன்னைக்கு இல்லீங்கம்மா"ன்னு சொன்னாங்க. அந்தம்மா மூஞ்சிய ஒரு பக்கமாத் திருப்பிக்கிட்டாங்க. துடிப்பு நூத்தி முப்பதத் தாண்டிருச்சு. நான் பாத்துட்டேதான் இருந்தேன்.

டாக்டரு பழைய ரிப்போர்ட்டப் பாத்தாரு. அன்னைக்கும் நாப்பத்தஞ்சு, இன்னைக்கும் நாப்பத்தஞ்சு. மாத்திரை ஒண்ணுமே பண்ணலயேன்னு அவருக்கு ஆச்சரியம். "ஒழுங்காச் சாப்பிட்டீங்களாம்மா?"ன்னு கேட்டாரு. அந்தம்மா பொய் சொல்லத் தெரியாதவங்க. "மக கல்யாணத்தப்ப ஒரு பத்து நாளு உட்டுட்டனுங்க. அதப் போட்டாத் தலை சுத்துது. முகூர்த்தத்துல உழுந்து கெழுந்து வச்சு அவ கல்யாணத்தக் கெடுத்துருவனோன்னு பயந்துக்கிட்டு..."ன்னாங்க. டாக்டரு பெருமூச்சு உட்டாரு. "அதாம்மா. அப்படி உடக் கூடாது. இனி அடைக்கறது கஷ்டம்"னாரு. இதெல்லாம் எனக்கு ஹெட்போன்ல தெளிவாக் கேக்குது. பட்டன் வெரலுக்கடியிலதான் இருக்குது. அந்தப் பட்டன அமுக்கறதுக்கு ஒண்ணும் பெரிய பலம் வேண்டியதில்லீங்க, சுண்டுவெரல் பலம் போதும்.

அதுக்கப்பறம் தூக்கமில்லீங்க. மெஸ்ஸுல சோறு எறங்கல. மூணு மாசம் இழுத்துப் பாத்தேன். கடைசில ஃபைல்ல அட்ரஸ் எடுத்துக்கிட்டு இன்னைக்குக் காலைல கெளம்பிட்டேன். சொல்லிரோணும்னுதான் போனேன். வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டே போனேன். "அம்மா, தப்பு உங்க மாத்திரையில இல்லீங்க, என்ற அளவுல." அவ்வளவுதான். ஒரே வரி.

மகன் கோகுலு இருந்தான். ஆஸ்பத்திரில இருந்து வர்றேன், எப்படியிருக்காங்கன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்னதும், அவனுக்கு அவ்வளவு மரியாதை. சேரு எடுத்துப் போட்டு, மோரு குடுத்து, "ஞாயித்துக்கெழமைல கூட ஊடு தேடி வந்து பாக்கறாங்கம்மா"ன்னு சத்தம் போட்டான். அந்தம்மா உள்ள இருந்து செவுத்தப் புடிச்சுப் புடிச்சு வந்தாங்க. நாலு எட்டு வைக்கறதுக்குள்ள ஒருக்கா நின்னாங்க. நான் எந்திரிச்சு, "எப்படிம்மா இருக்கீங்க?"ன்னு கேட்டேன். என்ற கொரலு அடையாளம் தெரியும்னு நெனைச்சேன்.

தெரியலீங்க. ஸ்பீக்கர்ல என்ற கொரலு கொஞ்சம் கனமா வரும்னு நெனைக்கறேன். நேர்ல இப்படித்தான, நீங்களே கேக்கறீங்களே, கீச்சுன்னு.

"அங்க நாச்சிமுத்துன்னு ஒரு தம்பி இருந்தாரு, தெரியுமுங்களா?"ன்னு கேட்டாங்க. "மொத தடவை என்ற நெஞ்ச அவருதான் பேசிப் பேசியே அடக்குனாரு. மகராசன். ரெண்டாவது தடவை அவரு இல்ல, அப்பவே எனக்கு மனசு உட்டுப் போச்சு. அவரு இருந்திருந்தா எனக்கு ஒரு கெடுதல் வர உட்டிருக்க மாட்டாரு."

அப்பச் சொல்லியிருக்கலாம். அந்த எடத்துல மகன் குறுக்க பூந்துட்டானுங்க. "சார், நீங்களே சொல்லுங்க. நாங்க சொன்னா ஏறல. பத்து நாள் மாத்திரைய உட்டதுனாலதான இப்படி ஆச்சு? என்ற தங்கச்சி, தன்ற கல்யாணத்துனாலதான் அம்மாவுக்கு இப்படி ஆயிருச்சுன்னு தெனம் போன்ல அழுகறா சார்."

அந்தம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. "ஆமாங்க, என்ற கையாலயே நான் கெடுத்துக்கிட்டேன். புள்ள நல்ல நாளு அவளுக்கே உறுத்தலாப் போச்சு"ன்னாங்க. சொல்லிட்டு நிமிந்து என்னைப் பாத்தாங்க. அவங்க என்னை நேருக்கு நேரு பாத்தது அது ஒருக்காத்தானுங்க. இல்லைன்னு நான் ஒரு வார்த்தை சொல்லுவேன்னு எதிர்பாத்த மாதிரி இருந்துது.

வாயைத் தொறந்தேன். அந்த ஒரு வரி நாக்குல நிக்குது. சொன்னா அவங்க மனசு லேசாயிரும், அந்தப் புள்ள அழுகற அழுகை நின்னுரும். ஆனா அந்த மகராசன் செத்துருவானுங்களே. அவனத் தெரிஞ்சவங்க இந்த ஒலகத்துலயே அவங்க ஒருத்தருதான்.

"ஆமாங்க"ன்னு சொன்னேன். "மாத்திரைய உட்டிருக்கக் கூடாதுங்க."

மைக்குல கூட அவ்வளவு தெளிவா நான் பேசுனதில்லீங்க. மகன் "பாத்தியா, கேட்டுக்கிட்டியா?"ன்னான். அந்தம்மா மறுபடி தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. கெளம்பறப்ப வாசப்படி வரைக்கும் வந்து, நாச்சிமுத்துத் தம்பி இப்ப எங்க இருக்காருன்னு கேட்டாங்க. "வேலைய உட்டுட்டு ஊரோட போயிட்டாருங்க"ன்னேன். கல்யாணம் ஆச்சான்னு கேட்டாங்க. ஆச்சுன்னேன். எவ்வளவு சந்தோசப்பட்டாங்க தெரியுமுங்களா! அந்தச் சந்தோசத்த நான்தான குடுத்துட்டு வந்திருக்கேன்? அதையும் கணக்குல எடுக்கோணுமல்ல? நோவுல கெடக்கறவங்களுக்கு நம்பறதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க. அத நான் எடுத்துரலாமா? நீங்களே சொல்லுங்க. நீங்க என்ற எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

என்னங்க? எறங்கித் திரும்பப் போறதா?

புளியம்பட்டில எறங்குனா எதுத்த பஸ்ஸு இருக்குதுதான். முக்கா மணி நேரந்தான், அது எனக்குந் தெரியும். ஆனா இப்பவே மணி மூணாச்சு. மத்தியானம் ஒருக்காப் போயிட்டு, சாயந்தரம் மறுபடி போயி நின்னா அவங்க என்ன நெனைப்பாங்க? அந்தம்மா வேற படுத்திருப்பாங்க, எழுப்பக் கூடாது. போன்லயா? இதெல்லாம் போன்ல சொல்ற விசயமுங்களா? அடுத்த ஞாயித்துக்கெழமை பாக்கலாமுங்க. இல்ல அதுக்கடுத்த வாரம். நேர்ல போயி, பொறுமையா...

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? புளியம்பட்டி இப்பத்தான வந்திருக்குது. நீங்க காந்திபுரத்துக்கல்ல டிக்கெட்டு வாங்குனீங்க, நான் பாத்தனே. முன்னாடி சீட்டுங்களா? அங்க வெய்யிலு மூஞ்சிலயே அடிக்குமுங்க. இன்னும் ஒன்னரை மணி நேரம் எப்படி உக்காருவீங்க? சரிங்க, பாத்துப் போங்க, பஸ்ஸு ஆடுது. கம்பியப் புடிச்சுக்கோங்க.

ஏனுங்க, நான் இங்கிருந்து பேசுனா உங்களுக்குக் கேக்குதுங்களா?